பதினைந்துக்குப் பதில் இல்லை

மார்ச் 4

சகலைக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை. மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் துண்டித்தீர்கள். கடிதத்தைத் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நேற்று எனக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. பிப்ரவரி 17 காலை பதினொரு மணிக்கு, கழிவுநீர் ஏற்று நிலையத்தில் பணியில் இருந்த ஆபரேட்டர், அதாவது நான், கூடாத முறையில் புரோகிராமை நிறுத்தினேனாம். அதனால் மேலே ஏறிக்கொண்டிருந்த சாக்கடை குழாய் வழியாகத் திரும்பி இறங்கிப் பள்ளத்தெருவிலும் பிரசவ ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலும் புகுந்ததாம். என்னை ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று ஏப்ரல் 12-ஆம் தேதி விசாரணையில் வந்து சொல்ல வேண்டும். மெமோவோடு நிபுணர் கருத்து என்று ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். "ஆபரேட்டரின் அவசரமும் பயிற்சியின்மையுமே காரணம்." கீழே கையெழுத்தைப் பார்த்தேன். என் மனைவியின் அக்கா புருஷன் கையெழுத்து.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புரோகிராமை நிறுவ வந்தபோது எங்கள் வீட்டில் பதினொரு நாள் தங்கினீர்கள். உங்கள் மைத்துனி சின்னவள் தினமும் உங்களுக்குத் தனியாக வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். எனக்குப் பயிற்சி கொடுத்ததே நீங்கள்தான். பயிற்சி இல்லாதவன் என்று எழுத உங்கள் பேனா எப்படி ஓடியது?

நடந்ததை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இரண்டாம் பம்பில் துணி சிக்கிக்கொண்டது. வாரம் ஒரு முறை சிக்குவதுதான். மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. நிறுத்தச் சொல்லிப் புரோகிராமுக்குப் பதினைந்தாம் சிக்னல் அனுப்பினேன். நிற்கவில்லை. நூறு வரை எண்ணிவிட்டு மறுபடியும் அனுப்பினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. மெயின் சுவிட்சை இழுத்தால் குழாயை மூடும் அடைப்புக் கதவுக்கும் மின்சாரம் போய்விடும், அப்போதும் சாக்கடை திரும்பத்தான் செய்யும். மோட்டாரில் புகை வந்த பிறகுதான் ஒன்பது அனுப்பினேன்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சகலை என்பவன் சதை இல்லைதான். ஆனாலும் ஒரு போன் செய்து, என்னய்யா நடந்தது என்று கேட்டிருக்கலாம். சாக்கடைக்குள் இறங்கி நிற்கிறவன் நான், ஆனால் நாற்றம் உங்கள் பக்கத்திலிருந்து வருகிறது.

— உங்கள் மைத்துனியின் கணவன்


மார்ச் 12

சகலை,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

முதலில் ஒன்று. என் கருத்தில் உறவு கிடையாது. கேட்டது விசாரணை அதிகாரி, சொன்னது புரோகிராமை எழுதியவன். அதை வீட்டு வெந்நீரோடு கலக்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோடு பேசுவதற்குச் சிக்னல் ஒன்றுதான் வழி என்று அன்றைக்கே சொன்னேன். பத்து அனுப்பினால் சாக்கடைக் கிணற்றின் மட்டம், பம்ப் ஓடிய நேரம் எல்லாவற்றையும் லாகில், அதாவது தன் குறிப்பேட்டில், வரிசையாக எழுதும். பதினைந்து என்பது கதவைத் தட்டி, கிளம்பு என்று சொல்வது. அதற்குக் காது கேட்கும். அடைப்புக் கதவை மூடி, பம்பை நிறுத்தி, தன் சாமான்களை எடுத்துவைத்துவிட்டுப் போகும். ஒன்பது அப்படியல்ல. அது புரோகிராமின் காதுக்கே போகாது. கம்ப்யூட்டர் அதை அந்த நொடியிலேயே சாகடித்துவிடும். இணைப்பு அறுந்ததும் பேனல் பம்பை நிறுத்திவிடும், ஆனால் கதவை மூட ஆள் இருக்காது. ஏறிய சாக்கடை இறங்கத்தான் செய்யும். இதனால்தான் "ஒன்பதைத் தொடாதே" என்று சிவப்பு மையில் எழுதி உங்கள் மேசைக்கு மேலே ஒட்டினேன். கண் தெரிகிறவர்கள் படிப்பார்கள் என்று நினைத்தேன்.

பதினைந்து வந்ததும் புரோகிராம் செய்கிற முதல் வேலை, "பதினைந்து வந்தது" என்று நேரத்தோடு லாகில் எழுதுவது. பிப்ரவரி 17 லாகைப் பார்த்தேன். அப்படி ஒரு வரியே இல்லை. இரண்டு முறை அனுப்பினேன் என்கிறீர்கள். ஒரு முறைகூட வரவில்லை என்று அது சொல்கிறது. பொய் சொல்லத் தெரியாத ஒன்றுக்கும் வேலை போய்விடுமே என்று பயந்துபோன ஒருவருக்கும் நடுவில் நான் யாரை நம்புவது? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கை பதறியிருக்கிறது, ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

இதே புரோகிராம் இன்னும் பதினொரு நிலையங்களில் ஓடுகிறது. அங்கெல்லாம் யாரும் ஆஸ்பத்திரிக்குள் சாக்கடையை விடவில்லை. "சகலை ஏசி ரூமில் உட்கார்ந்து சாக்கடைக்கு மந்திரம் எழுதுகிறார்" என்று சொந்தக்காரர்கள் நடுவில் நீங்கள் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். மந்திரம் சரியாகத்தான் இருந்தது. ஓதியவர் சரியில்லை.

தங்கைக்காகப் பெரியவள் என்னோடு பேசுவதில்லை. அதற்கும் உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

— புரோகிராமை எழுதியவன்


மார்ச் 20

சகலைக்கு,

உங்கள் கடிதத்தைச் சின்னவளிடம் படித்துக் காட்டினேன். வெந்நீர் வரிக்கு வந்ததும், "போதும், நிறுத்துங்க. அக்காவுக்காக இவ்வளவு நாள் இந்த மனுஷனுக்கு மரியாதை குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

சாக்கடைக்கு மந்திரம் என்று நான் சொன்னது உண்மை. ஏன் சொன்னேன் என்பதையும் கேளுங்கள். ஒரு நாள் மாமியார் வீட்டில் நான் வேலையிலிருந்து நேராக வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிலையத்திலேயே குளித்து, சட்டை மாற்றித்தான் வந்திருந்தேன். நீங்கள் பேச்சை நிறுத்தாமலே நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டீர்கள். எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்துத்தான் என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பதினைந்து இரண்டு முறை அனுப்பினேன். என் பிள்ளைகள் மேல் சத்தியம் என்று எழுத மாட்டேன், நம்பாதவருக்கு அவர்களை எதற்கு இழுக்க வேண்டும். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பதினைந்துக்கு அது சில நாள் பதில் சொல்லாது. இங்கே மூன்று ஷிப்டுக்கும் தெரியும். செவிட்டு நாள் என்று அதற்குப் பேரே வைத்திருக்கிறோம். கதவுக்குப் பின்னால் சுவரில் அப்படிப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். பத்தொன்பது கோடு இருக்கிறது. பிப்ரவரி 17 தவிர அந்த நாள்களிலெல்லாம் கிணற்றில் தண்ணீர் குறைவு, குழாயில் அழுத்தமும் இல்லை, ஒன்பது அனுப்பினாலும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு தடவை மேலே எழுதிக் கேட்டோம். "புரோகிராம் நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று உதவிப் பொறியாளர் சொல்லிவிட்டார். அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது உங்கள் ஆபீஸ்.

லாகை நீங்கள் பார்த்தீர்கள் என்கிறீர்கள். என்னோடு வேலை செய்யும் நண்பர், அவரை இங்கே எல்லோரும் மூக்குக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம், அதன் கடைசிப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தார். இணைத்திருக்கிறேன். மட்டம், நேரம், மட்டம், நேரம் என்று போய்க் கடைசி வரி பாதியிலேயே நிற்கிறது. வாக்கியத்தின் நடுவில் வாயடைத்துப்போன மாதிரி இருக்கிறது. எனக்குப் புரோகிராம் எழுதும் சி மொழி தெரியாது. உங்களுக்குத் தெரியும். இது என்ன என்று சொல்லுங்கள்.

— அதே ஆபரேட்டர்


மார்ச் 27

சகலை,

நகல் கிடைத்தது.

இரண்டு கேள்வி. பதினைந்து அனுப்புவதற்கு முன்னால் வேறு ஏதாவது சிக்னல் அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்?

எங்கள் ஆபீசில் யாருக்கும் இதைப் பற்றி இப்போதைக்கு எழுத வேண்டாம். எனக்கு மட்டும் எழுதுங்கள்.

நாற்காலி விஷயம் எனக்கு ஞாபகம் இல்லை.


ஏப்ரல் 1

சகலைக்கு,

ஞாபகம் இருக்காது. தள்ளிப் போட்டவருக்கு எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும்?

உங்கள் கேள்விக்குப் பதில். ஆமாம், பத்து அனுப்பினேன். எப்போதும் அனுப்புவோம். பம்பை நிறுத்தும்போது கிணற்று மட்டமும் ஓடிய நேரமும் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது இங்கே விதி. நிறுத்திவிட்டால் பிறகு கேட்க முடியாது, ஆகவே முதலில் பத்து, உடனே பதினைந்து. இரண்டையும் தனித்தனியாக அடிப்பது சள்ளையாக இருக்கிறது என்று மூக்குக்கண்ணாடி இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து வைத்தார். ஒரு தட்டு தட்டினால் இரண்டும் போகும். நடுவில் எவ்வளவு நேரம் என்றால், கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. நாலு வருஷமாக இப்படித்தான் செய்கிறோம். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

இப்போது நான் சொல்வதையும் கேளுங்கள். பிப்ரவரி 18-ஆம் தேதி காலையில், என்னைத் தற்காலிகமாக நீக்கிய காகிதம் கையில் வருவதற்கு முன்னால், நான் வாளியும் துடைப்பமுமாகப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கீழ்த்தளத்தில் முட்டி வரை ஏறி வடிந்திருந்தது. கட்டில் கால்களில் கோடு தெரிந்தது. சுவரோரம் மெத்தைகளைக் குவித்திருந்தார்கள். ஊரின் வயிற்றில் இருந்ததெல்லாம் அந்தத் தரையில் கிடந்தது. நாலு மணி நேரம் அள்ளினேன். மாடிப்படியில் ஒரு பெண், முந்தின நாள்தான் பெற்றவள், குழந்தையைத் துணியில் சுற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது. நர்ஸ் எவ்வளவு சொல்லியும் அவள் கையை இறக்கவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, மறுபடி வருமா?" என்று கேட்டாள். வராதும்மா என்றேன். நான்தான் விட்டேன் என்று சொல்லாமல் மறுபடி குனிந்து அள்ளினேன்.

அன்றிலிருந்து என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும்.


ஏப்ரல் 5

சகலை,

இதைப் படித்ததும் எரித்துவிடுங்கள்.

தப்பு உங்களுடையது அல்ல, என்னுடையது. உங்கள் கடிதம் வந்த அன்றே என் மேசையில் புரோகிராமை ஓடவிட்டு, உங்கள் மாதிரியே ஒரே வரியில் பத்தும் பதினைந்தும் அனுப்பிப் பார்த்தேன். முப்பத்தாறு தடவை ஒழுங்காக நின்றது. முப்பத்தேழாவது தடவை உறைந்துபோனது. லாகில் கடைசி வரி பாதியில் நின்றது. பதினைந்து வந்ததாக ஒரு எழுத்துகூட இல்லை.

எளிதாகச் சொல்கிறேன். லாகில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட வேண்டும். அந்த நேரத்தை எடுத்துக் கொடுக்கிற இடத்துக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஒருவர் உள்ளே போனால் தாழிட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் திறந்துவிடுவார். பத்து வந்ததும் புரோகிராம் வரிவரியாக எழுதுகிறது, ஒவ்வொரு வரிக்கும் உள்ளே போய்த் தாழிடுகிறது. சரியாக அந்த நொடியில் பதினைந்து வந்தால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் பதினைந்தைக் கவனிக்க ஓடும். பதினைந்து வந்தது என்று எழுத அதற்கும் நேரம் வேண்டும். போய்ப் பார்த்தால் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. தாழிட்டது அதுவேதான். கக்கூசுக்குள் தாழிட்டுக்கொண்டு, வெளியே வரிசையிலும் தானே நிற்கிற கதை. ஒன்பது வருகிற வரைக்கும் நிற்கும். இரண்டாவது பதினைந்து உள்ளேயே நுழையாது.

சிக்னல் வந்த இடத்தில் லாக் எழுதக்கூடாது, நேரம் கேட்கக்கூடாது. வந்தது என்று ஒரு குறி மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மற்றதைப் புரோகிராம் தன் வேலையின் நடுவில் அந்தக் குறியைப் பார்த்துச் செய்யும். இது அரிச்சுவடி. புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் சொந்தக் கையால் எழுதும்போது, ஒரு வரிதானே என்று போட்டுவிட்டேன். சோதிக்கும்போது பத்து அனுப்பிப் பார்த்தேன், டீ குடித்தேன், பிறகு பதினைந்து அனுப்பிப் பார்த்தேன். யாராவது இரண்டையும் ஒட்டி அனுப்புவார்கள் என்று தோன்றவே இல்லை.

மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு, "இது காகிதத்துல வந்துச்சுன்னா பதினோரு நிலையத்தோட கான்ட்ராக்டும் போச்சு, நீயும் போயிடுவ" என்றார். அடுத்த வாரம் வழக்கமான மாற்றம் என்ற பெயரில் எல்லா இடத்திலும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடச் சொல்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். விசாரணையில் கை பதறிவிட்டது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்டால் வேலையிலிருந்து நீக்க மாட்டார்களாம், வேறு இடத்துக்கு மாற்றுவதோடு விட்டுவிடுவார்களாம். மேலாளர் பேசிப் பார்த்துவிட்டார். பெரியவளுக்கும் பிள்ளைகளுக்கும் நான் ஒருவன்தான். உங்களுக்கு இதில் பெரிதாக இழப்பில்லை. எப்படியும் ஊரார் உங்களைத்தான் சொல்கிறார்கள்.

— உங்கள் சகலை


ஏப்ரல் 8

சகலைக்கு,

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்படியும் ஊரார் என்னைத்தான் சொல்கிறார்கள். ஏற்கெனவே அழுக்கானவன் மேல் இன்னொரு கூடை கொட்டினால் என்ன என்கிறீர்கள். அழுக்கைத் தினமும் அள்ளுகிறவன் நான். ஆனால் இப்படி ஒருவர் உட்கார்ந்து யோசித்து, பேனா பிடித்து, மடித்து, தபால் தலை ஒட்டி அனுப்பிய அழுக்கை இப்போதுதான் பார்க்கிறேன். சீ.

கை பதறியது என்று சொல்ல மாட்டேன். பதறவில்லை. நூறு வரை எண்ணினேன்.

மூக்குக்கண்ணாடி சொன்னார், "இந்த லெட்டர் ஒண்ணு போதும்யா, கொண்டுபோய் மேசைமேல வெச்சிரு." சின்னவளும் அதையேதான் சொன்னாள். அக்காவின் குடித்தனம் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதை அவரு யோசிக்கணும்" என்றாள். நியாயம்தான். ஆனாலும் சகலைக்கு என்று எழுதியதை ஊர் பார்க்க மேசையில் விரிக்க எனக்குக் கை வரவில்லை. எரிக்கவும் இல்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி உங்கள் உண்மை உங்கள் கையில் இருக்கட்டும், எனக்கு அதைச் சுமக்க இஷ்டமில்லை.

12-ஆம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. நடந்ததை நடந்தபடி சொல்வேன். நம்பினால் நம்பட்டும்.


ஏப்ரல் 11

சகலை,

இதைத் தபாலில் போடவில்லை, பெரியவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். இன்று மாலை பஸ்ஸில் வருகிறாள். விசாரணை அதிகாரிக்கு எழுதியதன் பிரதி ஒன்றும் அவளிடம் இருக்கிறது. அசல் இதற்குள் அவர் கைக்குப் போயிருக்கும். என் முதல் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தப்பு புரோகிராமில் எந்த வரியில் இருக்கிறது, எப்படிச் செய்தால் உறையும் என்பதெல்லாம் எழுதிவிட்டேன். மற்றப் பதினொரு நிலையங்களுக்கும் பத்தையும் பதினைந்தையும் ஒட்டி அனுப்ப வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். மேலாளர் மத்தியானமே என் மேசையைக் காலிசெய்யச் சொன்னார். செய்துவிட்டேன்.

என் கடிதம் உறைக்குள் மடித்தபடி திரும்பி வந்ததைப் பெரியவள்தான் பிரித்தாள். படித்துவிட்டு எழுந்து போனாள். சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவ்வளவு நேரம் அவள் கழுவி நான் பார்த்ததில்லை.

விசாரணைக்கு எழுதியதில் இன்னொன்றும் இருக்கிறது. அதை நீங்கள் அங்கே கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பாதியில் நின்ற வரியை உங்கள் நகலில்தான் முதலில் பார்த்தேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. பிப்ரவரி 20-ஆம் தேதி, அந்த ஒரு பக்கக் கருத்தை எழுத உட்கார்ந்த அன்றே பார்த்தேன். பார்த்ததும் மனசில் சுருக்கென்றது. ஒன்பது வாங்கிய புரோகிராம் சாகும்போது இப்படியும் நிற்கலாம், ஆனால் அதற்கு முந்தைய வரியின் நேரத்துக்கும் அது செத்த நேரத்துக்கும் நடுவில் மூன்று நிமிஷம் இருந்தது. ஓடுகிற புரோகிராம் மூன்று நிமிஷம் வாய் மூடி இருக்காது. நீங்கள் நூறு வரை எண்ணியது அந்த மூன்று நிமிஷத்தில்தான். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஆபரேட்டர் நீங்கள் என்று தெரியும். சாக்கடைக்காரர்தானே, இவர் என்ன ஒழுங்காகச் செய்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதுதான் நடந்தது.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிறேன்.


மே 3

சகலைக்கு,

விசாரணை முடிந்தது. என்மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். உங்கள் கடிதத்தை அதிகாரி உரக்கப் படித்தார். மூன்று நிமிஷம் என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி, "பரவாயில்ல, உங்க சகலை பெரிய மனுஷன்தான், ஒத்துக்கிட்டாரே" என்றார். நானும் தலையாட்டினேன்.

உங்களுக்கு வேலை போனது வருத்தம்தான். பெரியவளும் பிள்ளைகளும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இங்கே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

புரோகிராமில் செய்த தப்பை மன்னிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். நாங்களும்தானே இரண்டு சிக்னலை ஒரே வரியில் கட்டிவைத்தோம். வேலைக்குப் பயந்து என்னை ஒப்புக்கொள்ளச் சொன்னீர்களே, அதையும் நாளாக ஆகப் பொறுத்துக்கொள்வேன். பயந்தவன் எதையும் எழுதுவான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கிணற்றில் வேலை செய்கிறேன். பம்பில் சிக்கிய துணியைக் கையால் இழுத்திருக்கிறேன். செத்த நாயைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரித் தரையில் நாலு மணி நேரம் மண்டியிட்டிருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு வாந்தி வந்ததில்லை. ஊரில் இதை எல்லோரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். பெரியவள் கொண்டுவந்த கடிதத்தில், பக்கத்தைத் திருப்பிவிட்டேன் என்று நீங்கள் எழுதிய இடத்தைப் படித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன். சின்னவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நின்றாள்.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளட்டும், பிள்ளைகள் வந்து போகட்டும். நீங்கள் எனக்கு எழுத வேண்டாம்.